தண்ணீரைக் குறைத்தால் கான்கிரீட் ஏன் பலப்படுகிறது? பிளாஸ்டிசைசர் செய்யும் வேலை

சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் என்ற நான்கோடு ஐந்தாவதாக ஒரு கேன் திரவமும் கான்கிரீட்டில் சேர்ந்து பல காலம் ஆகிறது. ரெடிமிக்ஸ் லாரியில் வரும் கான்கிரீட்டில் பெரும்பாலும் அது இருக்கும். அட்மிக்சர் என்பார்கள், அல்லது வெறுமனே கெமிக்கல் என்பார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு இதைப் பார்த்ததும் இரண்டு சந்தேகம் வருகிறது. சிமெண்டைக் குறைத்து ஏமாற்றத்தான் இதை ஊற்றுகிறார்களா? இல்லை, ஊற்றினாலே பலம் கூடிவிடுமா?

இரண்டுமே சரியில்லை. இது தண்ணீரைக் குறைக்க வழி செய்யும் பொருள். பலம் வருவது, குறைந்த தண்ணீரால். கெமிக்கலையும் ஊற்றிவிட்டுத் தண்ணீரையும் பழைய அளவிலேயே வைத்தால் கான்கிரீட் நன்றாக ஓடும். பலம் ஏறக்குறைய பழையபடிதான் இருக்கும். இது புரியாததால்தான் பல இடங்களில் செலவும் செய்து, பலனையும் இழக்கிறார்கள்.

கடைகளில் இதோடு சேர்த்து விற்கும் நீர்க்கசிவுத் தடுப்பு திரவங்கள் வேறு. சீக்கிரம் இறுக வைக்கும் திரவங்கள் வேறு. இந்தக் கட்டுரை பிளாஸ்டிசைசர், சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற நீர் குறைப்பான்களைப் பற்றி மட்டும்.

தண்ணீருக்கு இரண்டு வேலை

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்து புதிய சேர்மங்களாக மாறுகிறது. அவைதான் மணலையும் ஜல்லியையும் பிணைக்கின்றன. இந்த வினையில் சிமெண்ட் தன்னோடு கட்டிப்போடும் தண்ணீர், அதன் எடையில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு, சுமார் 23 சதவீதம். வினையில் உருவாகும் பசையின் நுண்துளைகளுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். அதையும் சேர்த்தால் சிமெண்ட் முழுவதும் வினைபுரிய, எடையில் ஏறத்தாழ 0.4 பங்கு தண்ணீர் போதும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 20, 21 லிட்டர்.

ஆனால் அந்த அளவு மட்டும் ஊற்றிக் கலந்தால் சாதாரணக் கலவை விறைத்துக்கொண்டு நிற்கும். கம்பிகளுக்கு நடுவே இறங்காது. வைப்ரேட்டர் போட்டு அதிர்வித்து இறுக்கினாலும் மூலைகளில் தேன்கூடு போல ஓட்டைகள் விழும். அதனால் மூட்டைக்கு 27, 30 லிட்டர் என்று ஊற்றுகிறார்கள். கூடுதலாகப் போகும் இந்தத் தண்ணீருக்கு வேதிவினையில் வேலை இல்லை. கலவையை இளக்குவது மட்டுமே அதன் வேலை.

மொத்தத் தண்ணீரின் எடையைச் சிமெண்ட் எடையால் வகுத்தால் கிடைப்பது நீர்–சிமெண்ட் விகிதம். 50 கிலோவுக்கு 27.5 லிட்டர் என்றால் 0.55. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கணக்கு எல்லாம் இதைச் சுற்றியே.

மிஞ்சிய தண்ணீர் விட்டுச்செல்லும் துளைகள்

வேலை முடிந்த தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கி, பிறகு மெல்ல ஆவியாகிறது. அது இருந்த இடம் துளையாக நிற்கிறது. துளை கூடக் கூட பலம் குறையும். அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் ஏராளமான சோதனைகளுக்குப் பிறகு 1918இல் வெளியிட்ட விதி இதுதான்: ஒரே பொருட்கள், நல்ல இறுக்கம் என்றால், கான்கிரீட்டின் பலத்தை முதன்மையாக முடிவு செய்வது நீர்–சிமெண்ட் விகிதம்.

அமெரிக்க கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் கலவை வடிவமைப்பு அட்டவணையில் இருந்து மூன்று வரி மட்டும் பார்க்கலாம். விகிதம் 0.54 என்றால் 28 நாளில் சுமார் 30 மெகாபாஸ்கல். 0.47 என்றால் 35. 0.42 என்றால் 40. ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் சுமார் 10 கிலோ எடையைத் தாங்குவது. மூட்டைக்கு 6 லிட்டர் தண்ணீர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் கூடுகிறது என்பதுதான் இந்த மூன்று வரி சொல்லும் செய்தி.

பலத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆயுள். பலம் என்பது ஒரு கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பது கண்ணுக்குத் தெரியாது. இணைந்திருந்தால் தண்ணீரும் உப்பும் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் அந்த வழியாகக் கம்பி வரை போகும். கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்பூச்சைத் தள்ளிவிடும். சிமெண்ட் ஆய்வாளர் பவர்ஸும் அவருடைய சகாக்களும் 1959இல் வெளியிட்ட கணக்கு இங்கே கண்ணைத் திறக்கும். தொடர்ந்து ஈரமாக வைத்திருந்தால் இந்தத் துளைப் பாதைகள் அடைபட, 0.40 விகிதத்துக்கு 3 நாள் போதும். 0.45க்கு 7 நாள். 0.50க்கு 14 நாள். 0.60 என்றால் ஆறு மாதம். 0.70 என்றால் ஒரு வருடம். அதற்கு மேலே போனால், எத்தனை வருடம் தண்ணீர் விட்டாலும் அடைபடாது.

எந்தக் கட்டடத்துக்கும் ஆறு மாதம் யாரும் தண்ணீர் விடுவதில்லை. ஆக, 0.60இல் போட்ட கான்கிரீட் நடைமுறையில் திறந்த கதவுதான். மேஸ்திரி 'கொஞ்சம் தண்ணி விடுப்பா' என்று சொல்லும்போது நடப்பது இதுதான். அவர் மேல் தப்பு சொல்லிப் பயனில்லை. விறைத்த கலவையை அவரால் வார்க்க முடியாது. இளக்கம் அவருக்கு நிஜமான தேவை. அதைத் தண்ணீர் இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி.

சிமெண்ட் துகள்கள் திரளும் கதை

சிமெண்டை வெறும் தண்ணீரில் கலக்கினால் துகள்கள் தனித்தனியாக மிதப்பதில்லை. துகளின் மேற்பரப்பில் சில இடங்களில் நேர் மின்னேற்றமும் சில இடங்களில் எதிர் மின்னேற்றமும் உண்டு. எதிரெதிர் இடங்கள் ஒட்டிக்கொள்ள, துகள்கள் கொத்துக் கொத்தாகத் திரளும். ஒவ்வொரு கொத்துக்கு உள்ளேயும் கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரால் கலவை இளகாது. ஊற்றியும் ஊற்றாத கணக்கு. அதனால்தான் மேலும் மேலும் ஊற்ற வேண்டியிருக்கிறது.

நீர் குறைப்பான் இந்தக் கொத்தைக் கலைக்கிறது. அதன் மூலக்கூறுகள் சிமெண்ட் துகளின் மேல் படிந்து, துகள்களை ஒன்றையொன்று விலக வைக்கின்றன. உள்ளே சிக்கிய தண்ணீர் வெளியே வந்து கலவையை இளக்குகிறது. தண்ணீர் புதிதாக வரவில்லை. இருந்த தண்ணீர் வேலைக்கு வந்தது, அவ்வளவுதான். துகள்கள் பிரிவதால் தண்ணீர் படும் பரப்பும் கூடும். அதனால் வினையும் சீராக நடக்கும், பலத்திலும் சிறிது கூடுதல் கிடைக்கும். ஆனால் பெரிய லாபம் தண்ணீரைக் குறைப்பதில்தான்.

மூன்று தலைமுறை

1. லிக்னோசல்ஃபோனேட். மரத்தில் இருந்து காகிதக் கூழ் எடுக்கும்போது கழிவாக வரும் பழுப்புத் திரவத்தில் கிடைப்பது. 1930களில் இருந்தே கான்கிரீட்டில் புழங்குகிறது. தண்ணீரை 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கலாம். மரச் சர்க்கரை கலந்திருப்பதால் இறுகுவதைத் தாமதப்படுத்தும். காற்றுக் குமிழியையும் உள்ளே இழுக்கும். அளவு மீறினால் இரண்டும் தொல்லை. சாதாரணமாக பிளாஸ்டிசைசர் என்று விற்பது பெரும்பாலும் இதுதான்.

2. நாஃப்தலீன், மெலமைன் வகை. சூப்பர் பிளாஸ்டிசைசர் என்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1960களில் ஜப்பானில் காவ் சோப் நிறுவனத்தைச் சேர்ந்த கெனிச்சி ஹத்தோரி நாஃப்தலீன் வகையை உருவாக்கினார். அதே காலத்தில் ஜெர்மனியில் மெலமைன் வகை வந்தது. ஜப்பானியர்கள் தங்கள் வகையைக் கொண்டு தண்ணீரைக் குறைத்து பலம் கூடிய கான்கிரீட் செய்தார்கள். ஜெர்மானியர்கள் தண்ணீரை அப்படியே வைத்து, தானாக ஓடும் கான்கிரீட் செய்தார்கள். ஒரே வகைப் பொருள், இரண்டு நோக்கம். இவற்றில் துகளெல்லாம் ஒரே எதிர் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. நீர்க் குறைப்பு 15 முதல் 25 சதவீதம். ஒரு குறை: இளக்கம் சீக்கிரம் போய்விடும்.

3. பாலிகார்பாக்சிலேட் ஈதர், சுருக்கமாகப் பி.சி.இ. 1980களில் ஜப்பானில் வந்தது. இதன் மூலக்கூறு சீப்பு வடிவம்: முதுகெலும்பு துகளோடு ஒட்டிக்கொள்ளும், பற்கள் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு துகள்கள் நெருங்கினால் பற்கள் இடித்துக்கொண்டு தடுக்கும். மின்னேற்றத்தை மட்டும் நம்பாததால், குறைந்த அளவிலேயே 30 சதவீதமும் அதற்கு மேலும் தண்ணீரைக் குறைக்க முடிகிறது. முதுகெலும்பின் நீளம், பற்களின் நீளம், நெருக்கம் ஆகியவற்றை மாற்றி, நீண்ட நேரம் இளக்கம் நிற்க ஒரு ரகம், சீக்கிரம் பலம் ஏற ஒரு ரகம் என்று வேதியியலாளர்கள் வடிவமைக்கிறார்கள்.

மூன்றாம் தலைமுறை வந்த பிறகு கான்கிரீட்டின் எல்லையே நகர்ந்துவிட்டது. ஜப்பானில் தேர்ந்த வேலையாட்கள் குறைந்துகொண்டே போக, சரியாக இறுக்கப்படாத கான்கிரீட்டால் கட்டடங்களின் ஆயுள் குறைவதைக் கண்டு, டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹஜிமே ஒகமுரா 1986இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: வைப்ரேட்டரே இல்லாமல் தானே இறங்கி நிரம்பும் கான்கிரீட். 1988இல் முதல் மாதிரி தயாரானது. 1998இல் திறக்கப்பட்ட அகாஷி கைக்யோ பாலத்தின் ராட்சத நங்கூரத் தொகுதிகளில் அந்த வகைக் கான்கிரீட்தான். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 600 மீட்டருக்கும் மேலே கான்கிரீட்டைப் பம்பு செய்து ஏற்றியதும் சூப்பர் பிளாஸ்டிசைசர் இல்லாமல் நடந்திருக்காது.

ஒரே பொருளை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம்

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். சிமெண்ட் 350 கிலோ, தண்ணீர் 192 லிட்டர், விகிதம் 0.55. தண்ணீரை 15 சதவீதம் குறைக்கக்கூடிய சூப்பர் பிளாஸ்டிசைசர் கையில் இருக்கிறது.

1. இளக்கத்தை அப்படியே வைத்துத் தண்ணீரைக் குறைப்பது. தண்ணீர் 163 லிட்டர் ஆகும், விகிதம் 0.47. பலம் சுமார் 30இல் இருந்து 35 மெகாபாஸ்கலுக்குப் போகும். துளைப் பாதைகள் அடைபடும் காலமும் வெகுவாகக் குறையும்.

2. தண்ணீரை அப்படியே வைத்து இளக்கத்தைக் கூட்டுவது. பலம் மாறாது. கம்பி நெருக்கமான தூண், உத்திரச் சந்திப்புகளில், பம்பு செய்யும் வேலைகளில் இது தேவைப்படும்.

3. பலத்தையும் இளக்கத்தையும் அப்படியே வைத்து, சிமெண்டையும் தண்ணீரையும் சேர்த்துக் குறைப்பது. 163 லிட்டருக்கு 0.55 விகிதத்தில் 297 கிலோ சிமெண்ட் போதும். 53 கிலோ மிச்சம்.

ஏமாற்று என்ற சந்தேகம் மூன்றாவதில் இருந்து வருகிறது. விகிதம் கெடாமல், அந்த இடத்துக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச சிமெண்ட் அளவுக்குக் கீழே போகாமல் செய்தால் இதில் தப்பே இல்லை. சிமெண்டு குறைந்தால் வினையில் எழும் சூடும் குறையும், அது பெரிய அடித்தளங்களில் வெடிப்பைக் குறைக்கும். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் 7, 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியில் இருந்து வருவதையும் நினைத்தால், மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் நல்லதே. தப்பு எங்கே என்றால், சிமெண்டைக் குறைத்த பிறகும் லாரியில் தண்ணீர் ஊற்றும்போது. மூன்று பயனையும் ஒரே கேனில் எதிர்பார்க்க முடியாது. எந்தப் பயன் வேண்டும் என்பதைக் கலவை வடிவமைக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

ஈர மணலில் கரைந்துபோகும் கணக்கு

மேலே சொன்ன கணக்கில் கெமிக்கல் மிச்சப்படுத்தியது 29 லிட்டர். அதே கன மீட்டரில் மணல் 700 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மழை நனைத்த மணலில், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஈரம் மட்டும் 5 சதவீதம் இருப்பது சாதாரணம். 700 கிலோவில் 5 சதவீதம் என்றால் 35 லிட்டர். அதைக் கழிக்காமல் 163 லிட்டரையும் ஊற்றினால் மொத்தம் 198 லிட்டர் ஆகும். விகிதம் 0.57. கெமிக்கல் போடாமல் தொடங்கிய 0.55ஐ விடவும் மோசம்.

அப்புறம் சோதனையில் பலம் வரவில்லை என்றதும் கெமிக்கலைக் குறை சொல்கிறார்கள். மணலை ஒரு சட்டியில் எடுத்து எடை போட்டு, அடுப்பில் வறுத்து மறுபடி எடை போட்டால் ஈரம் தெரிந்துவிடும். கால் மணி நேர வேலை. அந்த அளவைத் தண்ணீரில் கழித்து, அதே அளவு மணலைக் கூட்ட வேண்டும். கெமிக்கல் வாங்க முடிகிறவர்கள் இதைச் செய்யாமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை.

சிமெண்டோடு ஒத்துப்போகிறதா

ஒரு சிமெண்டோடு அருமையாக வேலை செய்த திரவம், வேறு நிறுவனத்தின் சிமெண்டோடு பத்தே நிமிடத்தில் விறைத்துவிடலாம். சிமெண்டில் உள்ள அலுமினேட் என்ற பகுதி கெமிக்கலை வேகமாக உறிஞ்சும். கரையும் சல்ஃபேட்டும் துகள் மேல் இடம்பிடிக்கப் போட்டி போடும். இவற்றின் அளவு சிமெண்டுக்குச் சிமெண்ட் மாறும். அதனால் வேலை தொடங்கும் முன் மார்ஷ் கூம்புச் சோதனை செய்கிறார்கள். சிமெண்ட், தண்ணீர், கெமிக்கல் மட்டும் கலந்த கூழை அடியில் சிறு துளை உள்ள கூம்பில் ஊற்றி, ஒரு லிட்டர் வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். கெமிக்கலை 0.4, 0.6, 0.8 சதவீதம் என்று கூட்டக் கூட நேரம் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்துக்குப் பிறகு எவ்வளவு கூட்டினாலும் நேரம் குறையாது. அந்தத் திருப்பம்தான் நிறைவு அளவு. அதற்கு மேல் ஊற்றுவது வீண். பல சமயம் கெடுதலும்கூட. அதே கூழை ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஊற்றிப் பார்த்தால், இளக்கம் நிற்குமா போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

பி.சி.இ. வகைக்குத் தனியாக ஒரு எதிரி உண்டு: மணலில் இருக்கும் களிமண், குறிப்பாக மான்ட்மோரிலோனைட் வகை. அதன் அடுக்குகளுக்கு நடுவே சீப்பின் பற்கள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். சிமெண்டுக்குப் போய்ச்சேர வேண்டியது களிமண்ணோடு போய்விடும். சரியாகக் கழுவாத மணலில் பி.சி.இ. திடீரென்று வேலை செய்யாமல் போவதற்கு இதுவே அடிக்கடி காரணம். இன்னொன்று: நாஃப்தலீன் வகையையும் பி.சி.இ. வகையையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் ஓட்டம் சட்டென்று செத்துவிடும். ஒன்றில் இருந்து மற்றதுக்கு மாறும்போது தொட்டியையும் குழாயையும் கழுவியே ஆக வேண்டும்.

அளவு, நேரம்

அளவு சிமெண்ட் எடையில் சதவீதமாகச் சொல்லப்படும். ஒரு சதவீதம் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 500 கிராம், 0.5 என்றால் 250 கிராம். இவ்வளவு சிறிய அளவைக் கண் அளவில் ஊற்றினால் இரு மடங்கு ஆவது சுலபம். அளவு மீறினால் கூழ் தனியாக ஓடி, ஜல்லி அடியில் தங்கும். மேலே தண்ணீர் மிதக்கும். லிக்னோசல்ஃபோனேட் என்றால் மறுநாளும் இறுகாமல் கிடக்கலாம். அளவுக் குவளையோ தராசோ இல்லாத இடத்தில் கெமிக்கலே வேண்டாம் என்பேன்.

காய்ந்த சிமெண்ட் மேல் நேரடியாக ஊற்றக் கூடாது. முதலில் பெரும்பகுதித் தண்ணீரை விட்டுக் கலந்து, ஒரு நிமிடமாவது சுற்றவிட்டு, கடைசித் தண்ணீரோடு சேர்ப்பது நல்லது. அலுமினேட் முதலில் தண்ணீரோடு வினைபுரிந்து அடங்கிவிட்டால், குறைந்த கெமிக்கலே அதிக வேலை செய்யும். நாஃப்தலீன் வகையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

லாரி வந்து சேரும்போது கான்கிரீட் விறைத்திருந்தால் என்ன செய்வது? முதலில் ஸ்லம்ப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பைத் தூக்கினால் கலவை எவ்வளவு இறங்குகிறது என்பதே ஸ்லம்ப். குறைவாக இருந்தால், கலவை வடிவமைத்தவர் ஒதுக்கிய அளவுக்குள் சூப்பர் பிளாஸ்டிசைசரை மறுபடி சேர்த்து, டிரம்மைச் சில நிமிடம் வேகமாகச் சுற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். குழாயைத் திறப்பது இதற்கு மாற்று ஆகாது. ஆறு கன மீட்டர் லாரியில் 60 லிட்டர் தண்ணீர் என்பது பார்க்கச் சிறிய அளவு. கன மீட்டருக்கு 10 லிட்டர், 0.47 விகிதம் 0.49 என்று நகர்ந்துவிடும். இரண்டு முறை ஊற்றினால் 0.52.

வார்த்த பிறகு

நன்றாக ஓடும் கான்கிரீட் பலகையை அதிகமாக அழுத்தும். உயரமான தூண், சுவர்களுக்குச் சென்ட்ரிங்கை இந்த அழுத்தத்துக்கு ஏற்ப முட்டுக் கொடுத்து வலுவாக்க வேண்டும். இடுக்குகளையும் அடைக்க வேண்டும், இல்லையென்றால் கூழ் ஒழுகிப்போகும்.

தண்ணீர் குறைந்த கலவையில் மேலே மிதந்து வரும் தண்ணீரும் குறைவு. வெயிலும் காற்றும் சேர்ந்தால் மேற்பரப்பு வார்த்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வறண்டு, மயிரிழை வெடிப்புகள் விழும். கான்கிரீட் சரியில்லை என்று அப்போது பதறுகிறார்கள். சரியில்லாதது மேற்பரப்பைத் திறந்து போட்டதுதான். மட்டம் தட்டி முடித்த உடனே பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும், இறுகியதும் ஈரச் சாக்கு. விகிதம் 0.40க்குக் கீழே போன கான்கிரீட்டில் இது இன்னும் அவசியம்: உள்ளே இருக்கும் தண்ணீரைச் சிமெண்டே இழுத்துக்கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்தும் சுருங்கும். வெளியில் இருந்து ஈரம் கொடுப்பதை மறுநாள் காலைக்குத் தள்ளிப்போட்டால், முதல் சில மணி நேரத்தில் விழுந்த வெடிப்பை அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சரி செய்ய முடியாது.